பாத்ரூமை நீங்களே மாற்றினால் மேஸ்திரியும் நீங்கள்தான்

முழங்கால் வலி தொடங்கியதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு பாத்ரூமைப் பற்றித்தான். குந்தி உட்காரும் கக்கூஸை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். வழுக்குகிற பழைய தரையை மாற்ற வேண்டும். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வேண்டும். ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதிகளானாலும், ஆற்றுக்கு இப்பால் உறையூர், தில்லைநகரானாலும் கதை இதுதான். காண்ட்ராக்டர் சொல்லும் தொகையைக் கேட்டதும் அப்பா மலைக்கிறார். "எதுக்குப்பா அவ்வளவு? நாமளே ஆள வச்சுப் பாத்துக்கலாம்" என்கிறான் மகன். யூடியூபில் நாலு வீடியோ, குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்கு ஒரு நடை, ஞாயிற்றுக்கிழமை காலை சுத்தியல் விழுகிறது.

நம் ஊரில் பெரும்பாலும் வீட்டுக்காரர் தானே கரண்டி பிடித்துப் பூசுவதில்லை. பழைய டைல்ஸை உடைப்பதோடு அவர் கைவேலை முடிந்துவிடும். பிறகு கொத்தனார், சித்தாள், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று ஆளுக்கு ஒரு நாள் கூலி பேசி, சாமான்களைத் தானே வாங்கிப் போட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்குவார். இதில் தப்பில்லை, பணம் மிச்சமாவதும் உண்மை. ஆனால் காண்ட்ராக்டர் விலகும்போது அவர் சுமக்க வேண்டிய பொறுப்பும் வீட்டுக்காரர் தலைக்கு மாறிவிடுகிறது. குழிக்குள் ஆள் இறங்கி ஏதாவது ஆனால் இறக்கியவர் யார்? பக்கத்து வீட்டுச் சுவர் ஊறினால் யார்மீது வழக்கு? ஒரே வருடத்தில் ஒழுகினால் யாரிடம் போய்க் கேட்பது? மூன்றையும் யோசிக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டு, முடிந்த பிறகு கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் என்னிடம் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

டைல்ஸ் நிறத்தைப் பிறகு பார்க்கலாம். முதல் கேள்வி: உங்கள் வீட்டுக் கழிவு இப்போது எங்கே போகிறது?

கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. "பின்னாடி போகுது" என்பார்கள். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள மணல் தீவு. 1994-ல் திருச்சி மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். ஒரே வீதியில் மூன்று தலைமுறை ஏற்பாடுகளைப் பார்க்கலாம். ஒரு வீடு பாதாள சாக்கடையில் இணைந்திருக்கும். அடுத்த வீட்டில் செப்டிக் டேங்க். அதற்கடுத்ததில் தாத்தா காலத்தில் கொல்லையில் இறக்கிய உறை, மேலே ஒரு கடப்பைக் கல், அதன்மேல் துளசி மாடம். பாதாள சாக்கடையில் இணைந்துவிட்ட வீட்டிலும் பழைய உறை மூடப்படாமல் அப்படியே கிடக்கும். மேலே தளம் போட்டுவிட்டதால் எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள். அந்த இடத்தில்தான் கொத்தனார் மணல் மூட்டைகளை அடுக்குவார்.

ஆகவே இடிக்கும் முன் கொல்லையைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் அங்கே யாரையும் நிற்க விடாதீர்கள்.

டேங்க் இருக்கும் இடம் தெரிந்ததும் அடுத்த பேச்சு, "அடைச்சிருக்கும் போல, ஒரு ஆள இறக்கிப் பாத்துடலாம்". இறக்காதீர்கள். மேலே திறந்து வைத்துவிட்டால் காற்று போய்விடும் என்பது கட்டுக்கதை. மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும், பிராணவாயு இருக்காது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உஷாராகிவிடலாம் என்று நினைப்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடியதும் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைகிற நேரம்தான் ஆபத்தான நேரம். முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இரண்டாமவர் குதிப்பார், அவரைத் தேடி மூன்றாமவர். இப்படி ஒரே குழியில் அண்ணன் தம்பிகளும் அப்பன் மகன்களும் சேர்ந்து போன செய்திகளைத் தமிழ்நாட்டில் வருடந்தோறும் படிக்கிறோம். 1993-லிருந்து கணக்கெடுத்தால் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அதிகம் பேர் இறந்த மாநிலம் நம்முடையது. நாடாளுமன்றத்தில் அரசே வைத்த கணக்கு அது. யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்காதீர்கள். 112-ஐ அழையுங்கள், சுவாசக் கருவியோடு வருகிற தீயணைப்பு வீரர்தான் இறங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? கையால் கழிவகற்றும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் எந்த மனிதரையும் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்கக் கூடாது என்கிறது. மாநகராட்சிக்கும் கம்பெனிக்கும் மட்டும் போட்ட தடை என்று எண்ண வேண்டாம். 'எந்த நபரும்' என்று எழுதியிருப்பதில் நீங்களும் அடக்கம். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் வர முடியாத குற்றம். ஆள் இறந்துவிட்டால் அலட்சியத்தால் மரணம் விளைவித்த வழக்கும் சேரும். இந்தச் சாவுகளுக்கான இழப்பீட்டை 2014-ல் 10 லட்சம் என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. "அவரேதான் சார் இறங்குறேன்னு சொன்னாரு" என்ற பதில் காவல் நிலையத்தில் எடுபடாது.

செய்ய வேண்டியது எளிது. 14420 என்ற எண்ணுக்கு அழைத்துக் கழிவுநீர் அகற்றும் லாரி கேளுங்கள். வந்த வண்டிக்கு மாநகராட்சி உரிமம் இருக்கிறதா, வண்டி எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். உறிஞ்சிய கழிவை எங்கே கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையம் அல்லது மாநகராட்சி குறித்துக் கொடுத்த இடம் என்று பதில் வர வேண்டும். "அத நாங்க பாத்துக்கறோம்" என்றால் அது வாய்க்காலிலோ ஆற்றிலோ போய் விழும். பணத்துக்கு ரசீது வாங்குங்கள். லாரிக்காரர் குழாயை உள்ளே விட்டுவிட்டு, "அடியில கெட்டியா இருக்கு, ஒரு ஆள் இறங்கி கலக்கி விட்டா போதும்" என்பார். அப்போதும் இறக்காதீர்கள். தண்ணீர் பீய்ச்சி இளக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு வண்டி வரட்டும்.

பாத்ரூமை மாற்றுகிறபோதே டேங்கைப் பெரிதாக்கிவிடலாம், புதிய உறை இறக்கிவிடலாம் என்று சிலர் முனைகிறார்கள். தீவில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிறது. மணலில் எதுவும் நிற்காது. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470-ன்படி, உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஏறக்குறைய அறுபது அடி. சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீதிகளில் அறுபது அடிக்குள் உங்கள் போர் இருக்கும், இரு பக்கத்து வீட்டுப் போர்களும் இருக்கும். தெருவில் பாதாள சாக்கடைக் குழாய் ஓடுகிறது என்றால் புதிய உறைக்குச் செலவிடும் பணத்தை இணைப்புக்குச் செலவிடுங்கள்.

அந்த இணைப்புக்கான காகிதங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஜனங்கள் இடைத்தரகரிடம் சிக்குகிறார்கள். ஸ்ரீரங்கவாசிகள் போக வேண்டிய இடம் மாநகராட்சியின் ஸ்ரீரங்கம் மண்டல அலுவலகம். மற்றவர்கள் அவரவர் மண்டல அலுவலகம். நகராட்சி நிர்வாகத் துறையின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கையில் இருக்க வேண்டியவை: நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீது, குடிநீர்க் கட்டண ரசீது, வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை. சொத்து வரி இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறதா? முதலில் வரிப் பெயர் மாற்றம் செய்யுங்கள். அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திரம் வேண்டும். பெயர் மாற்றத்தில் சிக்கிக்கொண்டு, பாத்ரூமை இடித்துப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அத்தை வீட்டுக்குக் குளிக்கப் போகும் குடும்பங்கள் உண்டு. காகிதம் முன்னால், சுத்தியல் பின்னால்.

விண்ணப்பம் கொடுத்ததும் எண்ணும் தேதியும் உள்ள ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். வைப்புத்தொகையும் கட்டணமும் இவ்வளவு என்று எழுத்தில் வந்த பிறகு, மாநகராட்சி பெயரில் ரசீது கிடைக்கும் வழியில் மட்டும் கட்டுங்கள். "ஃபைல் மேல போயிருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் தொடர்ந்து வந்தால் சண்டை போட வேண்டாம். முதல்வர் உதவி மையத்தின் 1100-ல் புகார் பதியுங்கள். அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மண்டலப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒரு பக்கக் கடிதம். கேள்விகள் மூன்று போதும்: இன்ன எண் கொண்ட என் விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து எந்த அலுவலரிடம் இருக்கிறது, இவ்வகை விண்ணப்பத்தை முடிக்க வகுத்த கால அளவு என்ன, என் விண்ணப்பத்தின் மீது எழுதிய குறிப்புகளின் நகல் தருக. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. பதிலே வராமல் வேலை முடிந்துவிடுவதும் உண்டு. கேள்வி போனதும் ஃபைல் தானாக நடக்கத் தொடங்கும் மர்மம் நம் அலுவலகங்களுக்கே உரியது. குடிநீரும் துப்புரவும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் என்பதால் நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கும் போகலாம். அதற்கு வழிகாட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது. 15100-ல் இலவசமாகக் கேட்கலாம்.

இணைப்பு வந்துவிட்டது. இனி இரண்டு விஷயங்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாயைப் பாதாள சாக்கடையில் சேர்க்கக் கூடாது. ஐப்பசி மழையில் சாக்கடை எதிர்த்து வீட்டுக்குள் வருவதற்கு நாமே தோண்டும் வழி அது. பிளம்பர் பக்கத்தில் இருக்கிறதே என்று சேர்த்துவிட்டுப் போய்விடுவார். இன்னொன்று, பழைய டேங்கை லாரி வைத்து முழுக்கக் காலிசெய்து, மணல் போட்டு நிரப்புங்கள். காலிக் குழியின்மேல் தளம் போடாதீர்கள். உங்களுக்குப் பின் வாங்குகிறவருக்கு அது தெரியாது.

கட்டிட அனுமதியைப் பற்றி எல்லோரும் தவறாகவே பேசுகிறார்கள். தரையை மாற்ற, பூச, டைல்ஸ் ஒட்ட, கோப்பையை மாற்ற அனுமதி தேவையில்லை. கொல்லையில் புதிதாக ஒரு பாத்ரூம் எழுப்புவதோ மாடியில் அறை சேர்ப்பதோ அப்படியல்ல. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் அதற்குப் பொருந்தும். சொத்து வரியும் திருத்தப்பட வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைச் சொல்லி, "இப்ப பர்மிஷனே வேண்டாம் சார்" என்று ஒரு வதந்தி உலவுகிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் சுயசான்று கொடுத்து உடனே அனுமதி பெறும் வழி அது. அனுமதியே வேண்டாம் என்று அதில் எங்கேயும் இல்லை.

மலைக்கோட்டையை ஒட்டி வசிப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அங்குள்ள குடைவரைகள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-ல் திருத்திய தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி அவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. இருக்கிற வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் தகுதியுள்ள அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. வீடு எந்த வட்டத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் கொல்லையில் கடக்கால் வெட்டினால், பாதியில் நின்றுபோன சுவரும் நோட்டீசும்தான் மிஞ்சும். ஸ்ரீரங்கத்தில் சிக்கல் வேறு. கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் இருப்பவர்கள் புதிதாக எதையும் எழுப்பும் முன், தங்கள் வாடகைக் காகிதங்களோடு கோயில் நிர்வாக அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது. வாய்மொழியாகச் "செஞ்சுக்கோங்க" என்று சொன்ன அலுவலர் மாற்றலாகிப் போய்விடுவார்.

இனி சுவர். பழைய வீதிகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில்தான் பாத்ரூம் ஒட்டியிருக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், ஒன்றரை அடி தடிமன். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், காட்டிக்கொடுக்காது. மெஷின் வைத்துக் காடி வெட்டிக் குழாய் பதித்தால் மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு மாமியின் பூஜையறைச் சுவர் பொருக்கு விடும். அதன்பிறகு வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில், தலைமுறைக் கணக்கில். தவிர்க்க வழி இருக்கிறது. வேலை தொடங்கும் முன், பக்கத்து வீட்டார் முன்னிலையில் அவர்கள் பக்கச் சுவரைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். என்ன வேலை, எத்தனை நாள், சேதமானால் யார் சரிசெய்வது என்று அரைப் பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். "மாமாவுக்கும் எனக்கும் என்ன எழுத்து" என்று கூச்சப்படுகிறவர்கள்தான் பின்னால் பேச்சுவார்த்தையே இல்லாமல் போகிறார்கள். பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போட மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பிவையுங்கள். முடிந்தவரை பொதுச்சுவரில் குழாயே ஓட்டாதீர்கள். சுவருக்கு வெளியே ஓடும் குழாய் அழகில்லைதான், ஒழுகினால் அன்றே தெரியும்.

மாடியில் மெட்ராஸ் டெரஸ் உள்ள வீடுகளில் மேலே பாத்ரூம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். எட்டுக்கு ஐந்து அடி அறையில் ஓர் அடி உயரத்துக்குச் செங்கல் ஜல்லி நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன். மேலே ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்தால் இன்னொரு டன். கீழே தாங்குவது நூறு வருடத் தேக்குக் கட்டை. அதன் முனை சுவருக்குள் ஈரத்தில் உளுத்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. கொத்தனார், "ஒண்ணும் ஆகாது சார், எத்தனை பாத்திருக்கேன்" என்பார். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும் தொடருங்கள். இதில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு அவசரமாக ஒன்று. வீட்டைப் பெற்று ஐந்து ஆண்டு ஆகவில்லை, பாத்ரூம் கீழ் வீட்டில் ஒழுகுகிறது என்றால் நீங்களே உடைக்காதீர்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 14(3)-ன்படி, கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ ஐந்து ஆண்டுக்குள் குறை தெரிந்தால், புகார் கொடுத்த 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். நீங்கள் கை வைத்துவிட்டால், "அவங்க ஆளுதான் சார் உடைச்சாரு" என்று கழன்றுகொள்வார். போட்டோ எடுங்கள், எழுத்தில் புகார் அனுப்புங்கள், 30 நாள் பொறுங்கள், பிறகு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போங்கள்.

உடம்புக்கு வரும் ஆபத்துகளில் ஒன்றை மட்டும் உரக்கச் சொல்லியாக வேண்டும். பழைய கறையைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டு, வெள்ளையாகட்டும் என்று அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத ஐந்துக்கு நாலு அறையில் அதை நாலு முறை மூச்சிழுத்தால் நுரையீரல் வெந்துவிடும். ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒரே நாளில் வேண்டாம். மறுபடியும்: ஒரே நாளில் வேண்டாம். டைல்ஸ் அறுக்கும்போது தண்ணீர் ஊற்றியபடி அறுக்கச் சொல்லுங்கள், அறுப்பவருக்கு முகக்கவசம் கொடுங்கள். அந்தத் தூசி சிலிக்கா.

கீசரைப் பழைய விளக்கு வயரில் கோக்காதீர்கள். தனி வயர், 16 ஆம்பியர் பிளக், பாத்ரூமுக்கு வெளியே சுவிட்ச், உண்மையான எர்த். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். மின் உரிம வாரியத்தின் சான்று பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் வைக்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இப்போது பணம். வேலை கெட்டுப்போய் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்கள் அங்கே தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 'சேவை' என்பதற்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, ஒருவர் உங்கள் ஆளாக, உங்கள் உத்தரவின்படி செய்யும் தனிப்பட்ட ஊழியத்தை விலக்கிவைக்கிறது. தினக்கூலிக்கு ஆள் வைத்து, சாமான் நீங்கள் வாங்கிக் கொடுத்து, "இங்க வை, அங்க வை" என்று நீங்களே வேலை வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுப்பும் முதல் ஆட்சேபம் இதுதான். ஆகவே டைல்ஸ் ஒட்டுவதை நாள் கூலிக்கு விடுங்கள், பரவாயில்லை. நீர்க்கசிவுத் தடுப்பையும் குழாய் வேலையையும் மட்டும் மொத்தமாக ரேட் பேசி, ஒரே ஆளிடம், எழுத்தில் ஒப்படையுங்கள். என்ன வேலை, எந்தக் கம்பெனிப் பொருள், எத்தனை பூச்சு, எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு உத்தரவாதம். ஒரு தாள் போதும். டைல்ஸ் ஒட்டும் முன் தரையில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது என்றும், அதில் தேறிய பிறகே கடைசித் தவணை என்றும் அதில் எழுதுங்கள். குழாய்களை மூடும் முன் அளவுநாடா வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கம்பி மாட்ட ஆணி அடிக்கும்போதும் அது உதவும்.

கடையில் வாங்கும் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. பில். "பில் இல்லாம வாங்கினா கொறச்சுத் தர்றேன்" என்றால் அந்தக் குறைப்பு உங்கள் உரிமைக்கான விலை. டைல்ஸ் பெட்டிகளில் பேட்ச் எண் ஒன்றுதானா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒரு பெட்டி அட்டையைக் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள். நிறம் மாறியிருப்பதை ஒட்டிய பிறகு சொன்னால், "பார்த்துத்தானே ஒட்டினீங்க" என்பார்கள். ஒட்டும் முன் பத்து டைல்ஸைத் தரையில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள்.

கெட்டுப்போனால்? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்; கடைக்காரர் பலர் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் ஒரு நோட்டீஸ். பிறகு திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக்கட்டணம் கிடையாது. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை விசாரிக்கும். பொருளை ஆன்லைனில் பெங்களூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இணைக்க வேண்டியவை: பில்கள், பணம் அனுப்பிய விவரம், ஒப்பந்தத் தாள், போட்டோக்கள், நோட்டீஸ் நகலும் ஒப்புகையும், பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதிய அறிக்கை, மறுபடி செய்ய ஆகும் செலவு மதிப்பீடு. வாட்ஸ்அப் பேச்சைக் காட்டப் போகிறீர்கள் என்றால் அந்த போனை மாற்றாதீர்கள், பேச்சை அழிக்காதீர்கள்; மின்னணுச் சாட்சியத்துக்கு 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று தேவைப்படும். எல்லாவற்றையும்விட முக்கியம் காலம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. "பொங்கல் முடிஞ்சு வந்து செஞ்சு தர்றேன்" என்ற வாக்குறுதியில் இரண்டு பொங்கல் கழிந்துவிட்டால் வழக்கும் கழிந்துவிடும். தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும் போதிய காரணத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: பொறியாளர் பார்க்கும் முன் பழுதைச் சரிசெய்துவிடாதீர்கள். சாட்சியை நீங்களே இடித்தமாதிரி ஆகும்.

வாடகை வீடு என்றால் சுருக்கமாக: குழாய் மாற்றுவதும் உள் வயரிங்கும் வீட்டுக்காரர் செலவு, டேப், வாஷர், அடைப்பு நீக்குவது, கீசர் பழுது குடியிருப்பவர் செலவு. வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2017, இப்படித்தான் பிரிக்கிறது. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு டைல்ஸைக்கூடப் பெயர்க்காதீர்கள்.

கடைசியாக, இடித்த குப்பை. வேலை முடிந்ததும் உடைந்த கோப்பை, டைல்ஸ் சில்லு, காரை எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆட்டோக்காரரிடம் கொடுத்து, "எங்கயாவது போட்டுடுப்பா" என்கிறோம். அவர் கொள்ளிடக் கரையில் போடுகிறார், அம்மா மண்டபத்துக்குப் போகும் வழியில் போடுகிறார், வாய்க்காலில் போடுகிறார். கட்டிடக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-லிருந்தே இருக்கின்றன. வீட்டு வேலையில் வந்த சிறு குப்பைக்கும் அதை உண்டாக்கியவர்தான் பொறுப்பு. சாலையை மறிக்கக் கூடாது, வடிகாலில் தள்ளக் கூடாது, மாநகராட்சி சொல்லும் சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்த இடம் எது, வண்டிக் கட்டணம் எவ்வளவு என்று சுத்தியல் எடுக்கும் முன்பே வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுவிடுங்கள். தெரியாது என்று அவர் சொன்னால் மண்டல உதவி ஆணையருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.